பதிவேட்டுக் கட்சி

எங்கள் மேயர் எதையும் தன்னுடைய கருத்தாகச் சொல்லி நான் கேட்டதில்லை. குழாயோ சாக்கடையோ, உப்பு வரியோ கள்ளுக்கடையோ, எதைப் பற்றிக் கேட்டாலும் அவருடைய பேச்சு 'ஆம்' என்றுதான் முடியும். தண்ணி உப்பாம். வெளக்கு பத்தலியாம். கதவு பூட்டிக் கெடந்துச்சாம். யாரோ காதில் வந்து சொன்னதைத் திருப்பிச் சொல்கிற மாதிரி. யார் சொன்னது என்று கேட்டால் பெயரும் சொல்வார். அந்தப் பெயர்கள்தான் என்னைப் பல வருஷம் பயத்தில் வைத்திருந்தன.

நான் அப்போது ராயபுரம் டிவிஷன் ஆபீசில் ஜனன மரணக் குமாஸ்தா. பிறந்தவர்களை ஒரு புத்தகத்திலும் செத்தவர்களை ஒரு புத்தகத்திலும் எழுதுவது வேலை. வியாசர்பாடியிலிருந்து நடந்து வருவேன். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு கதி இல்லை. என் காரியங்களுக்கு இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அன்று எனக்கு இருந்த நிலைமை அது.

அவர் எங்கள் டிவிஷன் கவுன்சிலராக வெகுநாள் இருந்து, பிறகு மேயரானவர். மேயர் என்ற பட்டமே ஊருக்குப் புதிது. பதவி ஒரு வருஷம்தான். இளமையில் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை பார்த்தவர். குள்ளமான ஆள். வலது தோள் இடதைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும். ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது, கப்பலில் பளுத்தூக்கியின் சங்கிலியில் சிக்கிப் போனது என்பார்கள். எப்போதும் கடைவாயில் ஒரு கிராம்பு. அங்கியும் சங்கிலியும் போட்டுக்கொண்டு சபையில் உட்கார்ந்திருக்கும்போதும் அவர் பேச்சு ராயபுரத்துப் பேச்சாகவே இருந்தது. இங்கிலீஷ் படித்த அங்கத்தினர்கள் அதைக் கேட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் எங்கள் ஆபீசுக்கு வருவார். மேயரான பிறகும் இது நிற்கவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, மரணப் பதிவேட்டைக் கேட்பார். அந்த வாரத்துப் பக்கத்தைத் திறந்து, நகமில்லாத விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து, மெதுவான குரலில் பெயரைப் படிப்பார். ஒரு பெயர் படித்ததும் நிறுத்துவார். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு ஐந்தாறு மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். பிறகு அடுத்த பெயர்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆஜர் எடுக்கிறபோது பையன் 'உள்ளேன்' சொல்வதற்கு எவ்வளவு இடைவெளி விடுவாரோ, அந்த மாதிரி இடைவெளி. சில பெயர்களுக்குத் தலையசைப்பார். சில பெயர்களை, எதிரில் இருப்பவர் காதில் விழவில்லை என்பது போல, இரண்டாம் முறை கொஞ்சம் உரக்கச் சொல்வார். அந்த நேரத்தில் எங்கள் பியூன் வெளியே போய்விடுவான். நானும் போயிருப்பேன், மேஜை என்னுடையதாக இல்லாமல் இருந்தால்.

தினம் எத்தனையோ பேர் பதிவேட்டைப் பார்க்க வருகிறார்கள், இவர் ஒரு மாதிரி பக்தியோடு பார்க்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தெருவிளக்கு விவகாரத்தில்தான் எனக்கு உறைத்தது.

புதிதாக வந்த மின்சார விளக்குகளை எங்கே போடுவது என்று சபையில் விவாதம். யானைக்கவுனி வியாபாரிகள் தங்கள் கடைத்தெருவுக்குக் கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலான அங்கத்தினர்கள் அவர்கள் பக்கம். அன்று ஏதோ பிறப்புக் கணக்கு கேட்டு என்னையும் வரவழைத்திருந்ததால் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேயர் தன் முறை வந்ததும், விளக்கு முதலில் ராயபுரத்தில் ரயில் பாதை கடக்கிற இடத்தில் போட வேண்டும் என்றார்.

"கட்டைவண்டி ஓட்டற சின்னத்தம்பி சொல்றாரு. அந்தத் திருப்பத்துல ரயிலு வர்றது காதுக்குத் தெரியுதாம். எந்தப் பக்கத்திலேர்ந்து வருதுன்னு தெரியலியாம்."

அப்படியானால் அந்தச் சின்னத்தம்பியைச் சபைக்கு அழைத்து வரலாமே என்றார் ஒரு அங்கத்தினர், கேலியாக.

"அவரு வரமாட்டாரு," என்றார் மேயர்.

சின்னத்தம்பியை ஐந்து வாரம் முன்னால் நான்தான் பதிவேட்டில் எழுதியிருந்தேன். வயது நாற்பது, காரணம் ரயில் விபத்து. எருதுகள் தப்பிவிட்டன என்று சொல்லி அவருடைய தம்பி அழுததுகூட நினைவிருந்தது.

மேயர் அந்த வீட்டுக்குப் போய் விசாரித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் மனம் ஆறவில்லை. மறுநாள் ஆபீஸ் விட்டுப் போகும் வழியில் சின்னத்தம்பியின் மனைவியைப் பார்த்து, மேயர் வந்தாரா, ஆள் அனுப்பினாரா என்று கேட்டேன். ஒருவரும் வரவில்லை என்றாள். செத்துப்போனவருக்கு அவரைப் பழக்கமா என்றேன். வண்டி ஓட்டுகிறவனுக்கு மேயரோடு என்ன பழக்கம் என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

அதற்குப் பிறகு சபையில் அவர் சொன்ன பெயர்களையெல்லாம் நான் குறித்துக்கொண்டு வந்து பதிவேட்டில் தேட ஆரம்பித்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் தன் வாதத்துக்கு அழைத்த மனிதர்களில் உயிரோடு இருப்பவர் ஒருவர்கூட இல்லை. இதை யாரிடம் சொல்வது? மனைவியிடம் சொன்னேன். படுக்கப் போகுமுன், அவர் நம் குழந்தைகளின் பெயரைக் கேட்டால் சொல்லாதீர்கள் என்று மட்டும் சொன்னாள்.

ஊர் விஷயங்களில் மட்டும் என்றில்லை. தேச விஷயங்களிலும் அவர் இப்படித்தான். உப்பு வரியை எடுக்கச் சொல்லி அரசாங்கத்துக்குத் தீர்மானம் அனுப்புவதா வேண்டாமா என்று சபை இரண்டாகப் பிரிந்து நின்றது. ஓட்டு சரிசமமாக விழுந்தது. மேயரின் ஓட்டுக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் வெள்ளைக்காரனையும் திட்டவில்லை, தலைவர்கள் பெயரையும் சொல்லவில்லை. எண்ணூர் உப்பளத்தில் வேலை செய்த ஒரு பெண் நம்முடைய ஆஸ்பத்திரியில் வந்து இறந்துபோனாள், ஊர் எல்லைக்கு அப்பால் இருந்தாலும் இறந்தது இங்கே என்பதால் நம் புத்தகத்தில் இருக்கிறாள் என்றார்.

"ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி கஞ்சில போட ஒரு கல்லு உப்பு கேட்டாளாம். வூட்டுல இல்லியாம்."

இதைச் சொல்லிவிட்டு வரிக்கு எதிராகக் கையைத் தூக்கினார்.

தீர்மானம் கொண்டுவந்தவர்கள் அவரைத் தங்கள் ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்துக் கள்ளுக்கடைகளையெல்லாம் மூடச் சொல்லி அவர்களே இன்னொரு தீர்மானம் கொண்டுவந்தபோது மேயர் ஒத்துக்கொள்ளவில்லை. துறைமுகப் பக்கத்தில் முன்பு ஒரு தடவை கடையை மூடிய மாதத்தில் வார்னிஷ் குடித்துச் செத்த நாலு பேரின் பெயரைச் சொன்னார். மூடுவதற்கு முன்னால் கள்ளால் செத்த ஆறு பேரின் பெயரையும் சொன்னார். சம்பள நாளில் மட்டும் மூடினால் போதுமாம் என்றார். இந்தப் பத்துப் பேரும் சேர்ந்து கலந்து பேசி அவரிடம் முடிவைச் சொல்லி அனுப்பியது போலிருந்தது. ஒரு அங்கத்தினர் எரிச்சலோடு, நீர் எந்தக் கட்சி என்று எழுந்து கேட்டார்.

"பதிவேட்டுக் கட்சி," என்றார் மேயர்.

சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில்தான் கடலோரக் குப்பத்தில் வாந்திபேதி வந்தது. முதல் வாரத்தில் ஏழு பேர். என் மேலதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காரணம் என்ற கட்டத்தில் ஜுரம் என்று எழுதச் சொன்னார். வாந்திபேதி என்று எழுதினால் துறைமுகத்துக்கு நோய்ப் பெயர் வந்துவிடும், ரங்கூனிலும் பினாங்கிலும் நம் கப்பலை வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள், வியாபாரம் படுத்துவிடும், ஆயிரக்கணக்கான கூலிக்காரர்கள் பட்டினி கிடப்பார்கள் என்றார். அவர் கெட்டவர் இல்லை. சொன்னதில் பொய்யும் இல்லை. நான் எழுதினேன். ஏழு வரியிலும் ஒரே மையில், ஒரே மாதிரி, ஜுரம்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி பூங்காவனம். அவளைப் பதியவந்தது அவள் கணவன் கன்னியப்பன், கட்டுமரக்காரன். படிக்கத் தெரியாது. விடியற்காலை ஆரம்பித்து மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது, வாந்திபேதி என்று அவன் தெளிவாகத்தான் சொன்னான். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுதி முடித்ததும், "நான் சொன்னத எழுதிட்டியா சாமி?" என்றான். எழுதிவிட்டேன் என்றேன்.

சனிக்கிழமை மேயர் வந்தார். செருப்பைக் கழற்றினார். பெயர்களைப் படித்தார். குப்பத்துப் பெயர்கள் வந்ததும் இடைவெளி நீண்டது. பூங்காவனம் என்று படித்துவிட்டு விரலை எடுக்கவே இல்லை. வெளியே மணலை வாரிக்கொண்டு காற்று அடித்தது. அந்தச் சத்தம்கூட அப்போது நின்றுவிட்டது போல எனக்கு இருந்தது.

"ஜொரம் இல்லியாம்," என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, வாசற்பக்கம் பார்த்துச் சொன்னார்.

வந்தவர்கள் சொன்னதைத்தான் எழுதினேன் ஐயா என்றேன்.

"சரி ரைட்டரே," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கோபம் இல்லை, கேள்வி இல்லை. அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்று எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அடுத்த வாரம் அவசரக் கூட்டம். குப்பத்தில் இன்னும் ஒன்பது பேர் போயிருந்தார்கள். கிணற்றை மூட வேண்டும், குழாய்த் தண்ணீர் கொண்டுபோக வேண்டும், நோயை நோய் என்று அறிவிக்க வேண்டும் என்று மேயர் கேட்டார். துறைமுக வியாபாரிகளின் பிரதிநிதிகள் எதிர்த்தார்கள். பதிவேட்டில் ஜுரம் என்றுதானே இருக்கிறது, மேயருக்கு யார் வேறு மாதிரி சொன்னது என்றார்கள். என் மேலதிகாரி எழுந்து பதிவேடு சரி என்றார். புத்தகத்தோடு என்னை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

மேயர் என்னிடம் காரணத்தைப் படிக்க வேண்டாம் என்றார்.

"பேர மட்டும் படி. ஒவ்வொரு பேருக்கும் அப்புறம் கொஞ்சம் நில்லு."

முதல் பெயரைப் படித்து நின்றேன். ஒருவர் இருமினார். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. இரண்டாம் பெயரைப் படித்து நின்றேன். சபையில் யாரும் அசையவில்லை. மூன்றாவது பூங்காவனம். படித்துவிட்டு நின்றேன்.

எனக்குப் பின்னால், தோளுக்கு மிக அருகில், யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. மடக் மடக்கென்று, மூச்சு விடாமல், எத்தனை குடித்தாலும் அடங்காத தாகத்தோடு குடிக்கிற சத்தம். நான் திரும்பவில்லை. எதிரில் இருந்த அங்கத்தினர்கள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் காதில் ஒன்றும் விழவில்லை. மேயர் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாந்திபேதி," என்றேன்.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. முதல் இரண்டு பெயர்களுக்குத் திரும்பிப் போய்ச் சொன்னேன். மற்றப் பெயர்களுக்கும் சொன்னேன். புதிதாகப் போன ஒன்பது பேருக்கும் சொன்னேன். என் மேலதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று மாலையே குப்பத்துக் கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். தண்ணீர் வண்டிகள் போயின. ஊசி போடுகிறவர்கள் போனார்கள். மாதம் முடிவதற்குள் குழாய் நட்டார்கள். அதற்கு மேல் நாலு பேர்தான் இறந்தார்கள். அதோடு நின்றது.

மேலதிகாரி பயந்ததும் நடந்தது. கப்பல்கள் தள்ளியே நின்றன. துறைமுகத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை. ராயபுரத்தில் அடுப்பு எரியாத வீடுகளை நானே பார்த்தேன். ஒருநாள் காலை கூலிக்காரர்கள் ஐம்பது அறுபது பேர் மேயர் வீட்டு வாசலில் கூடினார்கள். என்னை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள், அது பற்றிச் சொல்ல நான் அங்கே போயிருந்தேன். அவர்களுடைய மேஸ்திரி முன்னால் வந்து நின்றான். கன்னத்து எலும்பு தெரிந்தது. அவன் கத்தவில்லை.

"செத்தவங்களுக்கு ஓட்டு கெடயாது நைனா. எங்களுக்குத்தான் கீது."

மேயர் வாசற்படியில் இறங்கி அவன் எதிரில் நின்றார்.

"அவங்களும் அதத்தான் சொல்றாங்கோ," என்றார்.

மேஸ்திரி ஒரு அடி பின்னால் போனான். கூட்டம் அப்படியே கலைந்து போயிற்று. ஒரு கல்கூட விழவில்லை. ஆனால் அடுத்த தேர்தலில் அவர் பெட்டியில் விழ வேண்டிய ஓட்டுகளும் விழவில்லை. மேயர் பதவி முன்பே முடிந்திருந்தது, கவுன்சிலர் பதவியும் போயிற்று.

அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டு பழைய தஸ்தாவேஜுகள் கிடக்கிற அறையில் போட்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்க ராயபுரம் கடற்கரைக்குப் போனபோது, கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு படகின் விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார். அங்கி இல்லை, சங்கிலி இல்லை. இன்னும் சிறுத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

இனி எனக்கு இழக்க ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் கேட்டேன். உங்களுக்கு யார் சொல்கிறார்கள் ஐயா, எப்படிச் சொல்கிறார்கள் என்று.

"ஒரு பேரச் சொல்லிட்டு ஒடனே அடுத்த பேருக்குப் போயிடறாங்கோ எல்லாரும். நின்னாத்தான சொல்லுவாங்கோ," என்றார். கொஞ்சம் கழித்து, "நீயும்தான் கேட்டியே அன்னிக்கி," என்றார்.

அந்தத் தண்ணீர் குடிக்கும் சத்தத்தைப் பற்றி நான் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. எழுந்து போய்விட நினைத்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே, சாதாரணமாக, கடைக்குப் போகிறவனிடம் ஒரு சாமான் வாங்கிவரச் சொல்வது போலச் சொன்னார்.

"பூங்காவனத்து கொடம் அந்தக் கெணத்துலதான் கீதாம். அவ வூட்டுக்காரரு வேற எங்கியோ தேடிக்கினு கீறாராம். போயி சொல்லிடு ரைட்டரே."

நீங்களே சொல்லலாமே என்றேன்.

"நான் இப்ப மேயரு இல்லியே," என்றார்.

மீன் வாங்காமல் நேரே குப்பத்துக்குப் போனேன். கன்னியப்பன் வலை பிரித்துக்கொண்டிருந்தான். அவன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பொய் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது. முதலில் அதைச் சொல்லி மன்னிக்கச் சொன்னேன். சபையில் நான் உண்மையைச் சொன்னது அவனுக்குத் தெரிந்திருந்தது, அது போதும் என்றான். பிறகு குடத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவன் கையிலிருந்த வலை அப்படியே நின்றது. பூங்காவனம் தாய் வீட்டிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குடம் அது. அவள் இறந்த அன்று காணாமல் போயிற்று. எதிர்வீட்டில் இருக்கிற அண்ணன் மனைவிதான் அன்று வீட்டுக்குள் வந்து போனவள், அவள்தான் எடுத்திருப்பாள் என்று கன்னியப்பன் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். ஒரு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. ஒரே கட்டுமரத்தில் போன அண்ணனும் தம்பியும் வேறு வேறு கட்டுமரத்தில் போனார்கள்.

கிணற்றின் மேல் பலகை அப்படியே இருந்தது. ஆணியைப் பிடுங்கி நகர்த்தினோம். தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கிற பாதாளக் கரண்டி குப்பத்தில் ஒரே வீட்டில்தான் உண்டு, அந்த அண்ணி வீட்டில். கன்னியப்பன் வெகுநேரம் தெருவில் நின்றான். பிறகு போய் வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல், கேட்டான். அவள் கொக்கிகள் தொங்கும் அந்த இரும்பு வளையத்தையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு தானே கிணற்றடிக்கு வந்தாள். கயிற்றை விட்டதும் அவள்தான்.

மூன்று தடவை சேறு வந்தது. நாலாவது தடவை கயிறு கனத்தது. மேலே வந்த குடத்தின் கழுத்தில், இறைக்கிற கயிறு அப்படியே முடிச்சோடு இருந்தது. அன்று விடியற்காலை தண்ணீர் இறைக்கும்போது தலை சுற்றிப் பூங்காவனம் கயிற்றோடு கைவிட்டிருக்கிறாள். பச்சைப் பாசி படிந்து, அது பித்தளை என்றே தெரியவில்லை.

கன்னியப்பன் குடத்தை இரண்டு கையாலும் எடுத்து அண்ணியிடம் நீட்டினான். "நீயே வெச்சுக்க அண்ணி," என்றான்.

அவள் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கு? புளி போட்டுத் தேச்சுத் தரேன், எடுத்துக்கினு போ," என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள்.